‘மதர்போர்டு போய்விட்டது’ என்றால் அளந்து காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாலை இடிமழை தொடங்கிவிட்டால் கோலாலம்பூரில் கணினிக் கடைகளுக்கு வேலை கூடிவிடும். நேற்று வரை ஓடியது இன்று வரவில்லை என்பார்கள். நாலைந்து தடவை அழுத்தினால் ஒரு தடவை வருகிறது என்பார்கள். மேசைக் கணினியைத் தூக்கிக்கொண்டு வரும் இவர்களுக்குப் பல கடைகளில் கிடைப்பது ஒரே பதில்தான்: மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் சொருகும் முதன்மைப் பலகை, போய்விட்டது, பேசாமல் புதுசு வாங்குங்கள். கேசிங்கின் மூடியைக் கழற்றாமல், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுக்காமல் இந்தத் தீர்ப்பு வந்துவிடுகிறது. பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கிய கணினியை இப்படிக் குப்பைக்கு அனுப்புகிறவர்களுக்காக, இந்தத் தொழிலில் இருக்கும் நாங்கள் சில விவரங்களை எழுதுகிறோம்.

அறவே வராத கணினி வேறு. சில நேரம் வந்து சில நேரம் வராத கணினி வேறு. இரண்டாவது வகையில் சந்தேகம் கடைசியாகத்தான் மதர்போர்டு மீது விழ வேண்டும். ஒருமுறை கிளம்பி மணிக்கணக்கில் சரியாக ஓடுகிறது என்றால் போர்டும், கணக்குகளைச் செய்யும் சிபியுவும், தற்காலிக நினைவகமான ரேமும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. கிளப்பிவிடும் பகுதிதான் தள்ளாடுகிறது. அந்தப் பகுதியில் இருப்பவை நான்கைந்து பொருள்கள். ஒவ்வொன்றும் பழுதாகும் விதத்தில் தனி அடையாளம் உண்டு.

மூடியைத் திறப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். எக்ஸ்டென்ஷனைக் கழற்றிவிட்டு, கணினியை நேரே சுவர் சாக்கெட்டில் சொருகிப் பார்ப்பது முதல் வேலை. ஆண்டுக்கணக்கில் பிளக் மாட்டிக் கழற்றிய எக்ஸ்டென்ஷனுக்குள் இருக்கும் பித்தளைத் தகடுகள் அகன்றுவிடும். மேசை விளக்கு எரிவதால் எக்ஸ்டென்ஷன் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். விளக்கு இழுப்பது மிகக் குறைந்த மின்சாரம். பிளக்கின் ஊசிகளில் பழுப்பு நிறமோ, தொட்டால் சூடோ இருந்தால் அந்த எக்ஸ்டென்ஷனைத் தூக்கி எறியுங்கள். புதிதாக வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் மூன்று ஊசிப் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் உண்டு என்பதும் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. மல்டிமீட்டரை பீப் ஒலி எழுப்பும் நிலையில் வைத்து ஃபியூஸின் இரு முனைகளையும் தொட்டால், நல்ல ஃபியூஸ் ஒலிக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் வேறொன்று போடலாம். அதுவும் போட்ட உடனே எரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியான பவர் சப்ளைக்குள் ஷார்ட் இருக்கிறது. கணினியைச் சொருகியதும் மின்கசிவு கண்டால் மின்சாரத்தை வெட்டும் வீட்டு இ.எல்.சி.பி விழுந்தாலும் அப்படித்தான், மேற்கொண்டு முயல வேண்டாம்.

கணினியின் பின்புறம் சொருகும் கேபிள் முனை அரைச் சென்டிமீட்டர் வெளியே நகர்ந்திருந்தாலே தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். வீடு கூட்டும்போது மேசையை நகர்த்தியவர்கள் அதை அழுத்திப் பார்க்க வேண்டும். அதே இடத்தில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. கோடு இருக்கும் பக்கம் அழுத்தியிருந்தால் ஆன், வட்டம் இருக்கும் பக்கம் என்றால் ஆஃப். பழைய பவர் சப்ளைகளில் சிவப்பு நிறத்தில் 115, 230 என்று தள்ளும் சுவிட்ச் ஒன்றும் உண்டு. நம் நாட்டில் அது 230இல்தான் இருக்க வேண்டும். 115க்குத் தள்ளி மின்சாரம் கொடுத்தால் வெடிச்சத்தத்தோடு பவர் சப்ளையின் கதை முடியும். யு.பி.எஸ் வைத்திருப்பவர்கள் அதையும் ஒதுக்கிவிட்டுச் சோதியுங்கள்; பேட்டரி கிழடு தட்டிய யு.பி.எஸ், கணினி கிளம்பும் நொடியில் கைவிட்டுவிடும்.

இனி உள்ளே. கணினியின் முன்பக்கப் பொத்தான் விளக்கு சுவிட்சைப் போல மின்சாரத்தை நேரடியாகத் திறந்து மூடுவதில்லை. சுவர் சுவிட்சைப் போட்ட உடனேயே பவர் சப்ளை 5 வோல்ட் மின்சாரம் ஒன்றை ஓயாமல் மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஊதா நிற ஒயரில் வருவது இதுதான். இதைக் காத்திருப்பு மின்சாரம் என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தியதும் போர்டு பச்சை ஒயரைக் கறுப்பு ஒயரோடு, அதாவது கிரவுண்டோடு, இணைக்கிறது. அப்போதுதான் பவர் சப்ளையின் பெரிய பகுதி விழித்து 12, 5, 3.3 வோல்ட்டுகளைக் கொடுக்கும். அவை நிலைப்பட்டதும் 100 முதல் 500 மில்லிவினாடிக்குள் சாம்பல் நிற ஒயரில் ‘எல்லாம் சரி’ என்று 5 வோல்ட் சமிக்ஞை போகும். அது வந்த பிறகே சிபியு வேலையைத் தொடங்கும். ஊதா, பொத்தான், பச்சை, சாம்பல் என்ற இந்த நான்கில் எங்கே அறுந்தது என்று பார்ப்பதுதான் முழு வேலையும்.

அறிகுறிகளைக் கவனித்தாலே பாதி வழி தெரிந்துவிடும். சுவர் சுவிட்ச் போட்டும் போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை, யு.எஸ்.பி மவுஸும் இருட்டாக இருக்கிறது என்றால் பிரச்சினை ஊதா ஒயருக்கு முன்னால் இருக்கலாம். எல்லாப் போர்டிலும் விளக்கு இருக்காது என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. விளக்கு எரிகிறது, அழுத்தினால் ஒன்றும் அசையவில்லை என்றால் பொத்தானைச் சந்தேகியுங்கள். ஃபேன் ஒரு துள்ளு துள்ளிவிட்டு நின்று, மறுபடி எத்தனை தடவை அழுத்தினாலும் அசையாமல், பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துச் சொருகினால் மறுபடி ஒரே ஒரு துள்ளு துள்ளினால், அது பவர் சப்ளையின் பாதுகாப்புப் பூட்டு. எங்கோ ஷார்ட் இருக்கிறது அல்லது பவர் சப்ளையே தன் வேலையைச் செய்ய முடியாமல் இருக்கிறது.

கிளம்பி, நான்கு வினாடி ஓடி, அணைந்துவிடுகிறதா? ஒவ்வொரு தடவையும் அதே நான்கு வினாடியா? பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. பொத்தானை நான்கு வினாடி அழுத்திப் பிடித்தால் கட்டாயமாக அணைப்பது என்பது போர்டின் விதி. சிக்கிய பொத்தானை அது விரல் என்றே நினைக்கும். இந்த ஒரு பழுதுக்காக முழுக் கணினியே மாற்றப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பொத்தானைச் சோதிப்பது எளிது. முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் போர்டின் கீழ் ஓரத்தில் ஒரு ஊசிக் கொத்தில் சொருகப்பட்டிருக்கும். பவர் சுவிட்ச் என்று எழுதிய இரண்டு ஊசி முனையைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு வினாடி சேர்த்துத் தொடுங்கள். இங்கே 5 வோல்ட்டுக்கு மேல் இல்லை, ஷாக் அடிக்காது. ஆனால் பக்கத்து ஊசிகளைத் தொட்டுவிடாதீர்கள். எந்த இரண்டு ஊசி என்பது போர்டின் கையேட்டில் இருக்கும். இப்படித் தொட்டால் ஒவ்வொரு தடவையும் கிளம்புகிறது என்றால் பழுது பொத்தானில்தான். புதிது வாங்கக்கூட வேண்டாம். ரீசெட் பொத்தானின் ஒயரை அந்த இடத்தில் சொருகிவிட்டு அதையே பவர் பொத்தானாகப் பயன்படுத்தலாம். பொத்தான் ஒயர்களைத் திருப்பிச் சொருகினாலும் பாதகமில்லை. விளக்கு ஒயர்களுக்குத்தான் திசை உண்டு. ரீசெட் பொத்தான் சிக்கியிருந்தால் ஃபேன் ஓடும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. அதனால் சோதனையின்போது இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

இதே இடத்தில் முன்பக்க யு.எஸ்.பி துளைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிள்ளைகள் பென்டிரைவைத் தலைகீழாகத் திணித்து உள்ளே இருக்கும் தகடு வளைந்து துளையின் உலோக உறையைத் தொட்டுக்கொண்டிருந்தால், காத்திருப்பு மின்சாரமே ஷார்ட்டாகிக் கணினி மூச்சுவிடாது. முன்பக்க யு.எஸ்.பி கேபிளைப் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு முயன்றால் தெரிந்துவிடும்.

எங்கள் கடிதத்தின் முக்கியமான பகுதி இனிமேல்தான். காலையில் முதல் தடவை வராது. பத்து நிமிடம் கழித்து வரும். வந்துவிட்டால் நாள் முழுக்க ஓடும். அல்லது ஆண்டுக்கணக்கில் சுவர் சுவிட்சை அணைக்காமலே வைத்திருந்த கணினி, ஒரு மின்வெட்டுக்குப் பிறகு வராமல் போகும். இரண்டும் ஒரே நோய். பவர் சப்ளைக்குள் காத்திருப்பு மின்சாரத்தைத் தயாரிக்கும் பகுதியில் விரல் நுனி அளவில் சில மின்பகு கெப்பாசிட்டர்கள் உண்டு. மின்சாரத்தைத் தேக்கி வைத்துச் சீராகத் தருவது, வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தாங்கி மாதிரி, அவற்றின் வேலை. அவற்றுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல உலர்கிறது. உலர உலரத் தேக்கம் குறைந்து உள் மின்தடை ஏறும். அந்த மின்தடை, கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது இன்னும் அதிகம், சூடேறினால் குறையும். அதனால்தான் சூடாக இருக்கும் வரை சமாளித்து ஓடிய பவர் சப்ளை, ஒருமுறை குளிர்ந்துவிட்டால் எழுந்திருக்க மறுக்கிறது.

இடிமழையில் மின்வெட்டு வந்து, மின்சாரம் திரும்பியபின் கணினி வரவில்லை என்றால் எல்லாரும் மின்னலைப் பழிசொல்வார்கள். சில நேரம் அது உண்மை. பல நேரம் நடப்பது வேறு: கெப்பாசிட்டர் பல மாதங்களாகவே உலர்ந்துகொண்டிருந்தது, மின்வெட்டு அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். மின்னல் அடித்துப் போர்டு கருகிவிட்டது என்று சொல்லி விற்பதற்கு இது வசதியான சந்தர்ப்பம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை: சுவர் சுவிட்சையும் பின்புற சுவிட்சையும் போட்டுவிட்டு, பொத்தானைத் தொடாமல் 20 நிமிடம் விடுங்கள். பிறகு அழுத்துங்கள். உடனே கிளம்பினால், மறுநாள் குளிர்ந்தபின் மறுபடி அடம்பிடித்தால், பவர் சப்ளையை மாற்றும் காலம் வந்துவிட்டது. அப்படி ஒருமுறை கிளம்பிவிட்டால் அணைப்பதற்கு முன் முதல் வேலையாகக் கோப்புகளை வெளி டிஸ்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கும் சொல்கிறோம். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கெப்பாசிட்டர், சூடு 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரட்டிப்புக் காலம் உழைக்கும் என்பது மின்னியலில் எல்லாரும் பயன்படுத்தும் தோராயம். அது 65 டிகிரியில் இருந்தால் 32,000 மணி நேரம். ஓயாமல் மின்சாரத்தில் இருந்தால் மூன்றரை ஆண்டுக்குக் கொஞ்சம் கூடுதல். 55 டிகிரி என்றால் ஏழு ஆண்டைத் தாண்டும். குளிரூட்டி இல்லாத அறையில், சுவரோடு ஒட்டி, மேசைக்குக் கீழே தூசி அடைத்த ஃபேனோடு வைத்த கணினி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. காத்திருப்புப் பகுதி கணினி அணைந்திருக்கும்போதும் வேலை செய்வதால் இரவில் சுவர் சுவிட்சை அணைப்பது அதற்கு ஓய்வு. ஆனால் அப்படி அணைத்தால் போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி கடிகாரத்தைத் தனியாகத் தூக்கிச் சுமக்க வேண்டும், அது சற்று சீக்கிரம் தீரும். சில ரிங்கிட் விலையுள்ள பேட்டரி தீர்வது பரவாயில்லை என்பது எங்கள் கருத்து.

பவர் சப்ளையைத் திறந்து கெப்பாசிட்டரை நீங்களே மாற்றப் போகாதீர்கள். யூடியூப்பில் எளிதாகத்தான் தெரியும். 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக மாறிப் பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும். இப்போதைய பவர் சப்ளைகள் பலவற்றில் அது 400ஐ நெருங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே இருக்கலாம். அதைச் சரியாக இறக்கத் தெரிந்தவர்களின் வேலை அது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள், அல்லது புடு ஜாலான் பாசாரில் மலிவான ஒன்றை வாங்கத் தயாராக இருப்பவர்கள், அடுத்ததைச் செய்யலாம். மீட்டரை நேர்மின்சாரம் 20 வோல்ட்டில் வையுங்கள். பவர் சப்ளையிலிருந்து வந்து போர்டில் சொருகிய பெரிய 24 பின் இணைப்பை அப்படியே விட்டுவிட்டு, ஒயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து மீட்டரின் சிவப்பு ஊசியை நுழைக்க வேண்டும். கறுப்பு ஊசி ஏதாவது ஒரு கறுப்பு ஒயரில். ஊதாவில் 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும். அங்கே 3, 3.5 என்று தள்ளாடினால், அல்லது பொத்தானை அழுத்தும் நொடியில் சரிந்தால், மேலே சொன்ன கெப்பாசிட்டர் கதைதான். இப்போது பச்சையைப் பாருங்கள். கிளிப் இருக்கும் வரிசையில், ஆரஞ்சு ஒயர் இருக்கும் முனையிலிருந்து எண்ணினால் நான்காவது. அதன் இரு பக்கமும் கறுப்பு. புது பவர் சப்ளைகள் பலவற்றில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும் என்பதால் கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்து இடத்தை உறுதி செய்யுங்கள். கணினி அணைந்திருக்கும்போது பச்சையில் 3 முதல் 5 வோல்ட் வரை நிற்கும். பொத்தானை அழுத்தியதும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும்.

பச்சை விழுந்தும் பவர் சப்ளை எழவில்லை என்றால் போர்டு தன் வேலையைச் செய்துவிட்டது. குறை பவர் சப்ளையில் அல்லது ஒரு ஷார்ட்டில். ஊதா சரியாக இருக்கிறது, ஊசிகளை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டும் பச்சை அசையவே இல்லை, யு.எஸ்.பி எல்லாம் கழற்றியாகிவிட்டது, பேட்டரியை எடுத்து, போர்டு நினைவில் வைத்திருக்கும் சிமாஸ் அமைப்புகளை அழித்தும் பார்த்தாயிற்று என்றால்தான் போர்டு மேல் குற்றம் சாட்டலாம். கடைக்காரர் மதர்போர்டு என்று சொன்னால் அவர் காட்ட வேண்டிய அளவு இந்த இரண்டும்தான். இரண்டு நிமிட வேலை.

பவர் சப்ளையைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் பழைய முறை ஒன்றும் இருக்கிறது. எல்லா முனைகளையும் கணினியிலிருந்து கழற்றி, மின்சாரம் இல்லாத நிலையில் 24 பின் முனையில் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, பிறகு சுவர் சுவிட்சைப் போடுவது. ஃபேன் சுற்றவில்லை என்றால் பவர் சப்ளை போய்விட்டது என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். ஆனால் சுமை குறைந்தால் ஃபேனைச் சுற்றாத வகைகளும், சுமையே இல்லாவிட்டால் கிளம்பாத பழைய வகைகளும் உண்டு. அதனால் ஒரு பழைய ஹார்டு டிஸ்கையோ கேசிங் ஃபேனையோ தொங்கவிட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் பவர் சப்ளை நலம் என்று அர்த்தமாகாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சும்மா சுற்றும்போது 12 வோல்ட் காட்டும் பவர் சப்ளை, சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் இழுக்கும்போது 11.4க்குக் கீழே போய்விடலாம். மீட்டரில் சராசரிதான் தெரியும். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாத அலைச்சலை, அதாவது வேகமான ஏற்ற இறக்கத்தை, அது காட்டாது, அதற்கு அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் வேண்டும். ஆகவே இறுதித் தீர்ப்பு, நன்றாக ஓடுகிறது என்று தெரிந்த இன்னொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்ப்பதுதான்.

அதை மாட்டியும் அதே பிரச்சினை என்றால் எல்லாவற்றையும் கழற்றிக் குறைந்தபட்சத்துக்கு வாருங்கள்: போர்டு, சிபியு, அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம். சிபியுவிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டையும் எடுத்துவிடலாம். இன்டெல் சிபியுவின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அந்த வசதி கிடையாது. போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ஓட்டுங்கள். பெட்டியில் கிளம்பி கேசிங்கில் கிளம்பவில்லை என்றால் போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி திருகப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு என்பது வேறு நோய். ரேமைக் கழற்றி, தங்கநிறத் தொடர்புகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரு முனைக் கிளிப்பும் பூட்டும் வரை அழுத்துங்கள். சிபியுவுக்குப் பக்கத்தில் சொருகும் 8 பின் முனையையும் பாருங்கள். அதை மறந்தவர்கள் கேசிங் மாற்றிய மறுநாளே கடைக்கு வருவார்கள். டி.டி.ஆர்.5 ரேம் போட்ட புதுக் கணினி முதல் தடவை, அல்லது போர்டின் தொடக்க மென்பொருளான பயோஸை மாற்றியபின், சில நிமிடங்கள் இருட்டாகவே நின்று ரேமைப் பழக்கிக்கொள்ளும். பொறுமையில்லாமல் நடுவில் அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாணய பேட்டரி 3 வோல்ட்; 2.7க்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். சி.ஆர்.2032 என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

விண்டோஸின் வேகத் தொடக்கம் என்ற வசதி சில கணினிகளில் முழுமையாக அணையவிடாமல் குழப்பும். அதை நிறுத்திவிட்டுச் சில நாள் பார்ப்பதில் செலவு எதுவுமில்லை. நிகழ்வுப் பதிவில் கெர்னல் பவர் 41 என்று ஒரு வரி வந்திருப்பதைக் காட்டி, இதோ ஆதாரம் என்பார்கள். கணினி முறையாக அணையாமல் நின்றுவிட்டது என்பதைத் தவிர அந்த வரி எதையும் சொல்வதில்லை.

நம் ஊருக்கே உரிய சில காரணங்களைச் சொல்லாமல் விட முடியாது. பவர் சப்ளையின் வெதுவெதுப்புக்குப் பல்லியும் எறும்பும் கரப்பான்பூச்சியும் கூடு தேடி வரும். பல்லி சரியான இரண்டு இடத்தைத் தொட்டால் அதுவும் சாகும், பவர் சப்ளையும் சாகும். பின்புறம் திறந்துகிடக்கும் துளைகளைத் தகட்டால் மூடுங்கள். பினாங்கில் தஞ்சோங் பூங்கா போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று முனைகளில் பச்சைப் பூஞ்சணம் போலத் துருவை உண்டாக்கும். அங்கே எல்லா முனைகளையும் ஒருமுறை கழற்றிச் சொருகினாலே தொடர்பு திரும்புவதுண்டு. சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்த கணினிகள் தனி வகை. சாம்பிராணிப் புகையும் கற்பூரக் கரியும் விபூதித் தூளும் சேர்ந்து ஃபேன் இறக்கையில் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது, தூரிகையால் சுரண்ட வேண்டும். காற்று நின்றால் சூடு ஏறும். சூடு ஏறினால் கெப்பாசிட்டர் கணக்கு என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறோம். கணினியை வேறு சுவருக்கு மாற்றுங்கள். சாமியை மாற்றச் சொல்ல மாட்டோம்.

இடி முழங்கத் தொடங்கியதும் சுவர் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். ரூட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் சேர்த்துத்தான். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் ரூட்டரின் அடாப்டர் வழியாக வந்த அதிர்ச்சி அந்தச் செப்புக் கேபிளில் ஏறிப் போர்டுக்குள் நுழையும். மின்னலுக்குப் பின் கணினி வரவில்லை என்றால் நெட்வொர்க், திரை, பிரிண்டர் என எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு ஒரு தடவை முயலுங்கள். மின்னல் தடுப்பு எக்ஸ்டென்ஷனில் பாதுகாப்பு விளக்கு அணைந்திருந்தால் உள்ளே இருக்கும் தடுப்புப் பொருள் செலவாகிவிட்டது. சாதாரண எக்ஸ்டென்ஷன் மாதிரி அது தொடர்ந்து ஓடுவதைக் கண்டு ஏமாறாதீர்கள்.

புது பவர் சப்ளை வாங்க லோ யாட் பிளாசாவுக்கோ பினாங்கில் பிராங்கின் மாலுக்கோ போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியின் முகப்பில் பெரிதாக எழுதிய வாட்டைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை வாட் என்று பாருங்கள். 500 வாட் என்று விற்கப்படும் ஒன்றில் 12 வோல்ட்டுக்கு 300தான் இருக்கிறது என்றால் அதை வைத்துவிட்டு வாருங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரச் சிக்கனத்தைத்தான் சொல்கிறது, ஆயுளை அல்ல. ஆயுளுக்கு உத்தரவாத ஆண்டுகளைப் பாருங்கள். ஐந்து ஆண்டு கொடுக்கும் நிறுவனம் உள்ளே போடும் கெப்பாசிட்டரைப் பற்றி யோசித்திருக்கும். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத பள்ளி, அலுவலகக் கணினிக்கு 400 வாட் தாராளம். பெரிய நிறுவனங்களின் அலுவலகக் கணினிகளில் பல, வழக்கமான 24 பின்னைப் பயன்படுத்துவதில்லை, அளவும் வேறு. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது. கழற்றி மாட்டக்கூடிய கேபிள் உள்ள வகை என்றால் பழைய பவர் சப்ளையின் கேபிள்களை ஒருபோதும் புதியதில் சொருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே ஒயர் வரிசை வேறாக இருக்கும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் ஹார்டு டிஸ்க் கருகும். மிச்சம் பிடிக்கப் பார்த்துப் பத்தாண்டுப் படங்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

மதர்போர்டை மாற்றுவது பவர் சப்ளையை மாற்றுவது போலத் தனிச் செலவு அல்ல. சில ஆண்டுப் பழைய கணினி என்றால் அதே சிபியு பொருந்தும் சாக்கெட்டில் புதுப் போர்டு பெரும்பாலும் கிடைக்காது; போர்டோடு சிபியுவும் பல நேரம் ரேமும் மாற்ற வேண்டிவரும். அதனால்தான் கடையில் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும். ஊதாவிலும் பச்சையிலும் எத்தனை வோல்ட் இருந்தது என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொரு பவர் சப்ளையை உங்கள் கண்ணெதிரே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. மறுக்கிற கடையிலிருந்து கணினியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கணினியை விட்டுவிட்டு வர நேர்ந்தால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வராத கணினியிலும் உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கின்றன, கணினியைச் சோதிக்க அவர்களுக்கு அந்த டிஸ்க் தேவையில்லை. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

செய்யாத வேலைக்குப் பணம் வாங்கினார்கள், நல்ல பாகத்தை மாற்றினார்கள் என்றால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறனோடும் செய்து கொடுக்க வேண்டும் என்பது அதிலேயே உண்டு. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். போகும்போது அந்தப் பில்லும் திருப்பி வாங்கிய பழைய பாகமும் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்போர் இருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.